கொழும்பில் தேறிய செயலி தோட்டத்தில் ஏன் நின்றுவிடுகிறது: பயன்பாட்டுச் சோதனையை உண்மை நிலைக்கு நெருக்கமாக்குவது பற்றி

பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவை, வேலைக்குப் போன நாட்கள், முற்பணம், மாதச் சம்பளம் ஆகியவற்றைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ள ஒரு செயலியைச் செய்திருக்கிறீர்கள். கொழும்பு அலுவலகத்தில் எட்டுப் பேரை வைத்துச் சோதித்தபோது எல்லோரும் கொடுத்த பணிகளை முடித்துவிட்டார்கள். மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே இரண்டு டிவிசன்களில் (தோட்டப் பிரிவுகளில்) கொடுத்த பிறகோ பலர் பதிவு செய்யும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே போனவர்களும் ஒருமுறை திறந்து பார்த்ததோடு சரி. இனிச் சோதனையை முழுவதுமாக மலைக்கே கொண்டுபோக வேண்டுமா, மழை, சிக்னல் இல்லாமை, அவசரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்தால்தான் உண்மை தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சோதனை எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது ஒன்று. சோதனையில் செய்யப்படும் வேலை யாருடைய வேலையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்டாலும், உங்களுக்கு வேண்டிய விடையின் பெரும்பகுதி இரண்டாவதில்தான் இருக்கிறது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். வங்கிச் செயலிகளையும் சுகாதாரப் பதிவேடுகளையும் மலையக மக்களிடம் வைத்துச் சோதிப்பது பல ஆண்டுகளாக என் தொழில். கீழே சொல்வதில் ஆய்வுகளால் நிறுவப்பட்டது எது, தொழிலில் பார்த்து நானாகக் கொண்ட கருத்து எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துப் பெருந்தோட்டங்களைச் சேர்ந்தது. சொந்தக் காணியில் தேயிலை வைத்திருக்கும் சிறுதோட்ட உரிமையாளர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஐயமில்லாததிலிருந்து தொடங்குவோம். ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் சர்வதேச நியமம் 1998 இல் வெளிவந்து 2018 இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட மக்கள் குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் குறிப்பிட்ட சூழலில் ஒன்றைப் பயன்படுத்தும்போது காரியம் எந்த அளவுக்குக் கைகூடுகிறது, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாகின்றன, எவ்வளவு மனநிறைவு கிடைக்கிறது என்பதையே அது பயன்படுதன்மை என்று வரையறுக்கிறது. மக்கள், நோக்கம், சூழல் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டுச் செயலியை மட்டும் தனியே நிறுத்தி இது எளிதா கடினமா என்று கேட்க அந்த வரையறையில் இடமே இல்லை. ஆகவே உங்கள் கொழும்புச் சோதனை பொய் சொல்லவில்லை. அலுவலக நாற்காலியில் அமர்ந்திருக்கும், மாதிரிச் சம்பளக் கணக்கொன்றைப் பார்க்கும், அந்தக் கணக்கு எப்படி இருந்தாலும் ஒரு சதமும் இழக்காத எட்டுப் பேரால் அதைப் பயன்படுத்த முடியும் என்று சரியாகவே சொன்னது. அதை வைத்துத் தோட்டத்தைப் பற்றி முடிவெடுத்ததுதான் பொருந்தவில்லை.

அப்படியானால் சோதனையை மலைக்கு மாற்றினால் போதுமா? இதில் ஆய்வாளர்களிடையே நெடுநாளாக ஒத்த கருத்து இல்லை. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெஸ்பர் கியெல்ட்ஸ்கொவும் சக ஆய்வாளர்களும் 2004 இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மருத்துவமனைத் தாதியருக்கான கைக்கருவி மென்பொருளொன்றை ஆய்வுகூடத்திலும் மருத்துவமனையிலும் சோதித்ததில், களத்துக்குப் போன சிரமத்துக்கு ஏற்ற அளவு புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. 2006 இல் இன்னொரு டென்மார்க் குழு வேறொரு கைக்கருவிச் செயலியை வைத்து அதே கேள்வியை எடுத்து, களத்தில் கூடுதலான சிக்கல்கள் தெரியவந்தன, அவற்றுள் சில ஆய்வுகூடத்தில் தெரியவே மாட்டா என்று எதிர்மாறாக முடிவு செய்தது. விவாதம் அத்தோடு தீரவில்லை. ஆனால் முதல் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆய்வுகூடமே மருத்துவமனைப் பகுதியொன்றைப் போல அமைக்கப்பட்டிருந்ததும், சோதனைக்கு வந்தவர்கள் உண்மையான தாதியர்களாக இருந்து தங்கள் அன்றாட வேலையை ஒட்டிய பணிகளையே செய்ததும் ஆகும். ஆளும் வேலையும் உண்மையாக இருந்தபோது கட்டடம் உண்மையாக இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. இது என் வாசிப்பு. அவர்கள் இப்படிச் சொல்லவில்லை.

தோட்டத்தில் கண்ட ஒன்றைச் சற்று விரிவாகச் சொன்னால் இது விளங்கும். உங்களுடையதைப் போன்ற ஒரு செயலியின் முன்மாதிரியை ஒரு கொழுந்துப் பறிக்கும் அக்காவிடம் முதலில் மாதிரிக் கணக்கோடு கொடுத்தோம். நேற்று எத்தனை கிலோ என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றதும், இரண்டு தட்டலில் திரையைக் கண்டுபிடித்து, பதினெட்டு என்றார். பணி முடிந்தது, வழக்கமான சோதனையில் அந்தக் கட்டத்தில் சரி என்று குறியிட்டுவிடுவோம். பிறகு, அவருடைய சம்மதத்தோடு, அவருடைய சொந்தக் கணக்கையே ஏற்றிக் கொடுத்தோம். அதே திரை, அதே இரண்டு தட்டல். இந்த முறை அவர் எண்ணை வாசிக்கவில்லை. போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார், பின்னே போனார், மறுபடியும் உள்ளே வந்தார். “நேத்து மூணு நிறுவையும் சேத்து இருவத்தி ஒண்ணு நிறுத்தேன் சேர். இதுல பதினெட்டு காட்டுது. மூணு கிலோ எங்க போச்சு?” என்றார். சாக்கின் நிறைக்கும் கொழுந்தின் ஈரத்துக்குமாகக் கழிக்கப்பட்ட பின் மிஞ்சும் நிறையை மட்டுமே செயலி காட்டியது. தராசில் கண்ணால் பார்த்த எண்ணை மனத்தில் வைத்திருப்பவருக்கு அது பிழையான கணக்கு. பிழையான கணக்கைக் காட்டும் செயலியை யாரும் இரண்டாம் முறை திறப்பதில்லை.

அந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க மழையோ சரிவோ அட்டைக்கடியோ தேவைப்படவில்லை. அது ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. கொழும்பு அலுவலகத்தில் வைத்திருந்தாலும் நடந்திருக்கும், கணக்கு அவருடையதாக இருந்திருந்தால். அதனால் உண்மை நிலைக்கு நெருங்குவது என்றால் முதற்காரியம், கற்பனைப் பணிகளை நீக்குவதுதான். உங்கள் பெயர் லட்சுமி, நீங்கள் இந்த மாதம் இவ்வளவு முற்பணம் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் பணியில் வந்தவர் பார்ப்பது திரையை மட்டுமே. போன மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள் என்றால் அவர் பணத்தைப் பார்ப்பார். அந்தச் சம்பளச் சீட்டுதான் உங்கள் செயலியின் உண்மையான போட்டியாளர். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தொழில் வழங்குநரிடமிருந்து 12 வீதம் என்பது அதில் எந்த வரியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, கோயில் பணம், கடன், முற்பணம் எல்லாம் எந்த ஒழுங்கில் கழிக்கப்படுகின்றன என்பதை மக்கள் வரி வரியாக அறிந்திருப்பார்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறி வாசிப்பவர்கூட வரியின் இடத்தை வைத்தே கணக்கைச் சொல்லிவிடுவார். நீங்கள் அந்த ஒழுங்கை அழகுக்காக மாற்றியிருந்தால், அது இப்படிப்பட்ட சோதனையில் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

சொந்தக் கணக்கைப் பயன்படுத்தும்போது ஒரு கடமையும் கூடவே வருகிறது. ஒருவருடைய சம்பளமும் கடனும் அவருடைய தனிப்பட்ட செய்தி. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு அது தெரியக் கூடாது என்பது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழும் எவருக்கும் சட்டத்தைவிடப் பெரிய காரியம். திரையை வீடியோ எடுக்காதீர்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் எண்களை மறைத்து எடுங்கள். குறிப்பில் தொகையை எழுதாமல், எந்த வரியில் நின்றார், என்ன கேட்டார் என்பதை மட்டும் எழுதுங்கள். விருப்பமில்லாதவருக்கு மாதிரிக் கணக்கையே கொடுத்து, அந்தச் சோதனையின் முடிவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன். பதிவு செய்யும் இடத்தில் பலர் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்புச் சோதனையில் செயலி ஏற்கெனவே ஏற்றப்பட்டு, உள்நுழைந்து, முதல் திரையில் தயாராக இருந்த போனைத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. சோதனையை வந்தவரின் சொந்தப் போனிலேயே, செயலியைத் தரவிறக்கும் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். இடமில்லை என்று போன் சொல்லும். எந்தப் புகைப்படத்தை அழிப்பது என்று அவர் யோசிப்பார். ரீலோட் செய்த பணம் தீர்ந்திருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம் கணவர் பெயரில், கணவர் கையில், கொழும்பில் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் உங்கள் பொத்தானின் பாதி திரைக்கு வெளியே போயிருக்கும். கண்ணாடி உடைந்து, கீழ்மூலையில் தொட்டால் வேலை செய்யாத போனாக இருக்கும். நீங்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும் பொத்தானை அந்த மூலையில்தான் வைத்திருப்பீர்கள்.

பதிவுப் படிவத்தில் இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் 12 இலக்கங்களாக வழங்கப்படுகிறது. அதற்கு முன் எடுத்தவர்களிடம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டையே இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களில் பலர் கையில் இருப்பது அதுதான். எண் விசைப்பலகையை மட்டும் திறக்கும் பெட்டியில் அந்தக் கடைசி எழுத்தை அடிக்க வழியே இல்லை; கொழும்பில் இளைஞர்களை வைத்துச் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது. மற்றது பெயர். குடும்பப் பெயர் என்று தனிப் பெட்டி வைத்தால், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒரே பெயராக வாழும் நம்மவர் அதில் எதை எழுதுவது என்று தெரியாமல் நிற்பார். அதோடு, செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) எழுதியிருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதில்லை. இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே விடுவேன் என்று உங்கள் செயலி பிடிவாதம் பிடித்தால், எந்தப் பிழையும் செய்யாத ஒருவரை அது வெளியே நிறுத்துகிறது.

பாடநூல் சொல்லும் சோதனையில் ஒருவர் தனியாக அமர்ந்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982 இல் எழுதியதிலிருந்து இந்த முறை பரவியது. அதன் பயனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் பார்த்தவரையில், லயத்தில் போனைத் தனியாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. நடுவயதுப் பெண்ணொருவர் போனைத் திறக்கிறார் என்றால் பக்கத்தில் பாடசாலை போகும் மகளோ, அடுத்த வீட்டுத் தம்பியோ இருப்பார். அந்தத் துணையை விலக்கிவிட்டுச் சோதித்தால் இல்லாத ஒரு நிலைமையைத்தான் சோதிக்கிறோம். இருவரையும் சேர்த்தே அமர்த்துங்கள். இருவர் சேர்ந்து ஒன்றைப் புரிந்துகொள்ள முயலும்போது தானாக வரும் பேச்சு தனியாளின் சிந்தனையைவிடத் தெளிவாக வெளிப்படும் என்பதை நவோமி மியாகே 1986 இல் தையல் இயந்திரத்தை வைத்துச் செய்த ஆய்வில் காட்டியிருக்கிறார். எதற்காக அதைத் தொடுகிறாய், அதைத் தொட்டால் காசு போய்விடுமா என்று தாய் மகளிடம் கேட்பதைவிட நல்ல வாக்குமூலம் உங்களுக்குக் கிடைக்காது. யார் போனைப் பிடித்திருக்கிறார், யார் முடிவு சொல்கிறார், இரகசிய இலக்கத்தை யார் உரக்கச் சொல்கிறார் என்பதைக் கவனித்து எழுதுங்கள். இப்படிச் சோதித்தால் ஒவ்வொருவராகத் தனித்துச் செய்ய முடியுமா என்பதற்கு விடை கிடைக்காது. அது தேவைப்பட்டால் வேறாகச் செய்ய வேண்டும்.

இனிச் சொல்லப்போவது என் பார்வையில் எல்லாவற்றிலும் பாரதூரமானது. நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 நேர்காணல்களை நடத்தி 2012 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பொருள்களைக் காட்டி, அவற்றுள் ஒன்று கேள்வி கேட்பவரே செய்தது என்று எண்ண வைத்தபோது, இரண்டும் ஒரே பொருளாக இருந்தும்கூட, மக்கள் அதையே சிறந்தது என்று சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. பெங்களூரின் எண்ணிக்கை தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஓரிடத்தில், தோட்ட ஆபீஸ் வழியாக ஆள் திரட்டி, கங்காணி முன்னிலையில், காற்சட்டைக்காரர் ஒருவர் கேட்கும் கேள்விக்கு “நல்லா இருக்கு சேர்” என்பதைத் தவிர வேறு விடை வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்களைப் பொறுத்தவரை சோதிக்கப்படுவது செயலி அன்று, தாங்கள்தான். சரியாகச் செய்யாவிட்டால் பெயர் எங்கோ போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை நீங்கள் எந்த மலையில் வைத்துச் சோதித்தாலும் அது உண்மை நிலை ஆகாது.

ஆகையால் ஆள் திரட்டுவதை ஆபீஸ் வழியாகச் செய்யாதீர்கள். நிர்வாகத்துக்குத் தெரிவித்து அனுமதி பெறுவது வேறு. ஆட்களைத் தெரிந்து அனுப்பச் சொல்வது வேறு. மாதர் சங்கம், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர், பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்பவர் ஆகியோர் வழியாகப் போனால் பேச்சே வேறு விதமாக இருக்கும். செயலியைச் செய்தவர் நீங்கள் என்று சொல்லாதீர்கள். முடிந்தால் செய்யாத ஒருவரையே, மலையகத் தமிழில் இயல்பாகப் பேசும் பெண்ணையே, நடத்தச் சொல்லுங்கள். கொடுக்கும் பணத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் அதுவரை நல்ல பதிலாகவே வரும். கொழுந்துப் பறிக்கும் நேரத்தில் ஒருவரைக் கூப்பிடுவது அவருடைய நாட்கூலியில் கைவைப்பது என்பதால், மாலை வீடு திரும்பிய பின்னரோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதை அறவே விடுங்கள். அடுத்த தோட்டத்தில் இருக்கும் உங்கள் தங்கை இதைத் திறந்தால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வாள் என்று கேளுங்கள். தன் குறையாகச் சொல்லத் தயங்குவதைத் தங்கையின் குறையாகத் தாராளமாகச் சொல்வார். இந்தியாவில் அபலா லஹிரி சவான் இதே தயக்கத்தைக் கடக்க, பரபரப்பான சினிமாக் கதையொன்றைச் சொல்லி அதன் பாத்திரமாகவே வந்தவரைச் செயற்பட வைத்தார். அது பேசவைக்க நல்ல வழி. ஆனால் சொந்தக் கணக்கைப் பார்க்கும் செயலிக்கு அவசியமில்லை, பணமே போதிய பரபரப்பைக் கொடுத்துவிடும். பத்துக் கூற்றுகளைக் கொடுத்து நூற்றுக்குப் புள்ளியிடும் எஸ்.யு.எஸ். வினாத்தாளையும் தோட்டத்தில் பயன்படுத்துவதை நான் நிறுத்திவிட்டேன். அதில் கூற்றுகள் மாறி மாறிச் சாதகமாகவும் பாதகமாகவும் வருகின்றன. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்பவரின் புள்ளி எதையும் குறிப்பதில்லை.

இப்போது மழைக்கு வருவோம். இன்றைய தொடுதிரை விரல் பட்டதும் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. நீரும் மின்னைக் கடத்துவதால் நனைந்த திரை தொடாத இடத்தைத் தொட்டதாகவும் தொட்ட இடத்தைத் தொடாததாகவும் கொள்ளும். ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை இது அன்றாடப் பிரச்சினை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பெருமழை. ஆனால் மழையில் யார் உங்கள் செயலியைத் திறக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் பார்த்தவரையில், மலையில் கொழுந்துப் பறிப்பவர் போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி உள்ளே வைத்திருப்பார், அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். கணக்குப் பார்ப்பது இரவுச் சமையல் முடிந்த பிறகு. மழையில் தொடுதிரையோடு போராடுபவர் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவையைப் பதிபவர். உங்கள் செயலிக்கு அவரும் ஒரு பயனாளர் என்றால் அவருக்கான சோதனை முற்றிலும் வேறு. சுமையோடு நிற்கும் வரிசை, லொறிக்காரரின் அவசரம், ஒரு கையில் குடை அல்லது பேனை, தராசில் இருந்து கண்ணை எடுக்க முடியாத நிலை ஆகியவற்றைக் கொழும்பில் நடித்துக் காட்ட முடியாது. அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது, வழக்கமான கொப்பியில் எழுதுவதை நிறுத்தாமல் பக்கத்தில் இன்னொருவர் செயலியில் பதியட்டும். உங்கள் சோதனையால் ஒருவருடைய ஒரு கிலோகூடக் கணக்கில் தவறக் கூடாது.

மற்றவற்றில் பலதை அலுவலகத்திலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். இணைய வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதி உலாவிகளில் உண்டு; நடுவே இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, பாதியில் நின்ற பதிவு என்ன ஆகிறது என்று பாருங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து வெயிலில் பிடியுங்கள். விரலை நனைத்துக்கொண்டு தொடுங்கள். இவையெல்லாம் மலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை. இவற்றைக் கண்டுபிடிக்கத் தோட்டத்து மக்களின் நேரத்தைச் செலவிட வேண்டாம். இடையூறுகளை மட்டும் நடிக்காதீர்கள். வீட்டுக்குப் போனால் குழந்தை அழும், அடுப்பில் கேத்தல் கொதிக்கும், மின்சாரம் போகும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். கதவைச் சாத்தச் சொல்லாமல் இருந்தாலே போதும். எழுந்துபோனவர் திரும்பி வந்து எந்தத் திரையிலிருந்து தொடர்கிறார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை திறந்தவர் ஏன் திரும்ப வரவில்லை என்ற உங்கள் இரண்டாவது கவலைக்கு ஒரு மணி நேரச் சோதனை எதுவும் விடை சொல்லாது, அதை எங்கே நடத்தினாலும். எதிரே ஆள் இருக்கும்போது யாரும் செயலியைக் கைவிடுவதில்லை. அதற்குக் காலம் வேண்டும். சில குடும்பங்களிடம் செயலியைக் கொடுத்துவிட்டு, சம்பள நாளை ஒட்டி ஒருமுறையும் முற்பண நாளை ஒட்டி ஒருமுறையும் போய்ப் பாருங்கள். நடுவில் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள், பேசச் சொன்னால் பேசுவார்கள். செயலி எந்த நாட்களில் திறக்கப்பட்டது என்ற பதிவு உங்கள் சேவையகத்தில் இருக்கும். அதைச் சம்பள நாட்களோடு ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கப்படும் செயலி தோற்ற செயலி என்று நான் நினைக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள்தான் அதற்கு வேலை இருக்கிறது.

எத்தனை பேர் போதும் என்பதில் அடிக்கடி சொல்லப்படும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993 இல் காட்டிய கணக்கின்படி ஒருவர் சராசரியாக 31 வீதமான சிக்கல்களை வெளிப்படுத்தினால் ஐந்து பேர் ஏறத்தாழ 85 வீதத்தை வெளிப்படுத்துவார்கள். அது சராசரிதான். லோரா போக்னர் 2003 இல் 60 பேரின் முடிவுகளிலிருந்து ஐந்து ஐந்து பேராக எழுமாற்றாக எடுத்துப் பார்த்தபோது சில குழுக்கள் 55 வீதத்தை மட்டுமே கண்டிருந்தன. உங்கள் பயனாளர்களோ ஒரே மாதிரியானவர்கள் அல்லர். கொழுந்துப் பறிக்கும் பெண்கள், ஓய்வு பெற்றுச் சேமலாப நிதிக்காகக் காத்திருப்பவர்கள், கொழும்பில் வேலை செய்துகொண்டு ஊரிலுள்ள தாயின் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகள், மடுவத்தில் பதிபவர் ஆகியோர் தனித்தனிக் கூட்டம். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் என்று தொடங்கி, கண்டதைத் திருத்தி, மறுபடியும் ஐந்து பேரிடம் போவதே நான் செய்வது. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து இத்தனை வீதமானோரால் முடிந்தது என்று அறிக்கையில் எழுதக் கூடாது. உண்மை நிலையை நெருங்க நெருங்க ஒப்பிடும் வசதியையும் இழக்கிறோம். ஒவ்வொருவர் போனும் வேறு, கணக்கும் வேறு, குறுக்கிட்டதும் வேறு என்பதால் இரண்டு வடிவங்களில் எது வேகமானது என்று திண்ணைச் சோதனையில் அளக்க முடியாது. அந்த ஒப்பீட்டுக்கு உங்கள் கொழும்பு அறை இன்னும் நல்ல இடம்தான்.

செலவுக்கு ஏற்ப நீங்கள் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், அடுத்த சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு டிவிசன்களில் ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். பதிவில் நின்றுவிட்டவர்களில் ஐந்து பேரை, அவர்கள் வீட்டுத் திண்ணையில், அவர்களுடைய போனோடும் அடையாள அட்டையோடும் சம்பளச் சீட்டோடும், வழக்கமாக உதவும் பிள்ளையோடும் சந்தியுங்கள். செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் போனைத் தொட வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம். உள்ளே போனதும் சம்பளச் சீட்டின் முதல் வரியைக் காட்டி, இது இதில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.